ஒரே நேரத்துல பல பேர் ஆர்டர் போட்டா ஹைபர்னேட் எரர் வருது, தனியா டெஸ்ட் பண்ணா நல்லா ஓடுது. எங்க பார்க்கணும்?

தறிநூல்:

எல்லாருக்கும் வணக்கம். ஈரோட்டுல ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்கு ஆர்டர் எடுக்குற வெப் அப்ளிகேஷன நாங்க பார்த்துக்கறோம். முன்னாடி வேற ஒரு டீம் எழுதினது, இப்ப மெயின்டெனன்ஸ் எங்க கைக்கு வந்திருக்கு. வெளியூர் கடைக்காரங்க போன்லயே லாகின் பண்ணி லுங்கி, துண்டு, பெட்ஷீட்னு டிசைன் நம்பர் பார்த்து பேல் கணக்குல ஆர்டர் போடுவாங்க. ஜாவா 11, டாம்கேட் 9 (வெப் சர்வர்), ஹைபர்னேட் 5 (ஜாவா ஆப்ஜெக்ட்ட டேபிள்ல எழுதி எடுக்குற லைப்ரரி), மைஎஸ்க்யூஎல் 8 (டேட்டாபேஸ்). ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க் எதுவும் கிடையாது, நேரா சர்வ்லெட் (ரிக்வெஸ்ட்ட வாங்குற க்ளாஸ்), அதுக்கு கீழ டிஏஓ (டேட்டாபேஸ் கூட பேசுற) க்ளாஸ், அவ்வளவுதான். என்ஜின்எக்ஸ் (வர்ற ரிக்வெஸ்ட்ட பிரிச்சு அனுப்புறது) பின்னாடி ரெண்டு டாம்கேட் ஓடுது.

சாதாரண நாள்ல ஒரு பிரச்சனையும் இல்ல. திங்கக்கிழமை ராத்திரி சந்தை கூடுற நேரம் எல்லாரும் மொத்தமா உள்ள வரும்போது தான் ஆரம்பிக்குது. லாக்ல வர்றது ஒரே எரரா இருந்தா கூட பரவால்ல, ஒவ்வொரு தடவையும் வேற வேற. ஒரு தடவ 'டிரான்சாக்ஷன் ஆல்ரெடி ஆக்டிவ்'னு வரும், இன்னொரு தடவ ஃப்ளஷ் (மாத்தினத டேபிளுக்கு அனுப்புறது) நடக்கும்போது கன்கரண்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன், அப்புறம் எச்எச்எச்000099னு ஒரு நம்பரோட 'அசர்ஷன் ஃபெயிலியர்'னு ஒண்ணு. டாம்கேட்ட ரீஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் நல்லா ஓடும், திரும்ப அதே கத.

எரர் வர்றத விட என்னை ரொம்ப கவலைப்பட வைக்கிறது டேட்டா. ஒரு கடைக்காரர் அஞ்சு டிசைன் போட்டிருக்கார், டேபிள்ல ரெண்டு தான் ஏறியிருக்கு, ஆனா அவருக்கு ஸ்க்ரீன்ல எரர் காட்டியிருக்கு. இன்னொருத்தருக்கு 'ஆர்டர் ஏத்துக்கப்பட்டது'ன்னு மெசேஜ் போயிருக்கு, டேபிள்ல ஒண்ணுமே இல்ல. அப்புறம் ஸ்டாக்ல 40 பேல் இருக்குற டிசைனுக்கு ரெண்டு கடை தலைக்கு 30 பேல் கேட்டா ரெண்டு பேருக்கும் ஓகே ஆயிடுது. அவங்க அத நம்பி வேன் புடிச்சு வந்துடறாங்க, குடோன்ல சரக்கு இல்ல.

கோட்ல பார்த்தா டிஏஓ க்ளாஸ் மேல ஸ்டாட்டிக்கா ஒரு என்டிட்டி மேனேஜர் (டேபிள் ரோவ ஆப்ஜெக்ட்டா எடுத்து, திரும்ப சேவ் பண்றது) வச்சிருக்காங்க, அப்ளிகேஷன் ஏறும்போது ஒரு தடவ உருவாக்கி எல்லா மெத்தடும் அதையே யூஸ் பண்ணுது. ஆர்டர் சேவ் பண்ற மெத்தட்ல சிங்க்ரனைஸ்டு (ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் உள்ள போற மாதிரி லாக்) போட்டு பார்த்தோம், எரர் குறைஞ்ச மாதிரி இருக்கு ஆனா சைட் ரொம்ப ஸ்லோ, ஸ்டாக் பிரச்சனை அப்படியே தான் இருக்கு. மைஎஸ்க்யூஎல்ல ஏதாவது செட்டிங் மாத்தணுமா இல்ல ஹைபர்னேட் வெர்ஷன் ஏத்தணுமா, யாராச்சும் வழி சொல்லுங்க.


பழையஜாவா:

தம்பி, வெர்ஷனும் ஏத்த வேண்டாம், மைஎஸ்க்யூஎல்லயும் கைய வைக்க வேண்டாம். கடைசி பத்தில எழுதியிருக்கீங்களே, ஸ்டாட்டிக் என்டிட்டி மேனேஜர்னு, அது தான் ஆளு. அந்த எச்எச்எச்000099 மெசேஜ முழுசா படிச்சு பாருங்க, இது ஹைபர்னேட்ல இருக்குற பிழையா (பக்) இருக்கலாம், ஆனா செஷன பாதுகாப்பில்லாம யூஸ் பண்ணதா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு அதுலயே எழுதியிருக்கும். நிறைய பேர் மொத வரிய மட்டும் பார்த்துட்டு ஹைபர்னேட்ல பக்குன்னு முடிவு பண்ணிடுறாங்க.

விஷயம் இது தான். என்டிட்டி மேனேஜர் ஃபேக்டரி த்ரெட் சேஃப் (த்ரெட்னா ஒரே நேரத்துல ஓடுற வேலைகள்ல ஒண்ணு, பல த்ரெட் சேர்ந்து தொட்டாலும் இது கெடாது), அத அப்ளிகேஷனுக்கு ஒண்ணு உருவாக்கி கடைசி வரைக்கும் வச்சுக்கலாம், உருவாக்குறதுக்கு செலவு ஜாஸ்தி, அதனால ஒண்ணு தான் வச்சுக்கணும். ஆனா அதுல இருந்து வர்ற என்டிட்டி மேனேஜர் (ஹைபர்னேட் பாஷைல செஷன்) த்ரெட் சேஃப் கிடையாது, ஒரு வேலைக்கு ஒண்ணு எடுத்து அந்த வேலை முடிஞ்சதும் க்ளோஸ் பண்றதுக்காகவே செஞ்சது. அதுக்குள்ள சாதாரண ஹாஷ்மேப் மாதிரி ஸ்ட்ரக்சர்ல நீங்க லோட் பண்ண எல்லா என்டிட்டியும் உக்காந்திருக்கும், ஃப்ளஷ் நடக்கும்போது அத ஒவ்வொண்ணா சுத்தி எது மாறியிருக்குன்னு பார்க்கும். அந்த நேரம் பார்த்து இன்னொரு த்ரெட் புதுசா ஒண்ண பெர்சிஸ்ட் (சேவ்) பண்ணா கன்கரண்ட் மாடிஃபிகேஷன் வராம என்ன செய்யும்.

உங்க டேட்டா எப்படி பாதி ஏறுதுன்னு சொல்றேன், இத புரிஞ்சுக்கிட்டா மிச்சமெல்லாம் தானா புரியும். டாம்கேட் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் பூல்ல இருக்குற ஒரு த்ரெட்ல ஓட்டும், டிஃபால்ட்டா 200 த்ரெட் வரைக்கும் போகும், சர்வ்லெட் ஆப்ஜெக்ட் மட்டும் ஒண்ணே ஒண்ணு. இப்ப எக்ஸெக்-3 த்ரெட்ல ஒரு கடைக்காரர் ஆர்டர், டிரான்சாக்ஷன் (ஏறினா மொத்தமா ஏறணும், இல்லன்னா எதுவுமே ஏறக் கூடாதுங்கிற வேலை) பிகின் ஆயிடுச்சு, அஞ்சு லைன்ல ரெண்டு லைன் பெர்சிஸ்ட் ஆயிருக்கு. அதே நேரம் எக்ஸெக்-7ல இன்னொருத்தர் வந்து பிகின் கூப்பிடறார். என்டிட்டி மேனேஜர் ஒண்ணு தானே, அதுக்குள்ள டிரான்சாக்ஷனும் ஒண்ணு தான், அதனால 'ஆல்ரெடி ஆக்டிவ்'னு எக்ஸெப்ஷன். சரி, அப்புறம் எக்ஸெக்-7 என்ன பண்ணும்? கேட்ச் ப்ளாக்குக்கு போகும், அங்க 'டிரான்சாக்ஷன் ஆக்டிவா இருந்தா ரோல்பேக் பண்ணு (எழுதினத திரும்ப எடுத்துடு)'ன்னு நல்ல எண்ணத்துல தான் எழுதியிருப்பாங்க. அது ரோல்பேக் பண்றது எக்ஸெக்-3ஓட ஆர்டர. எக்ஸெக்-3ல ஏற்கனவே எழுதின லைனெல்லாம் போச்சு, அதுக்கப்புறம் அதே த்ரெட் வேற யாரோ பிகின் பண்ண டிரான்சாக்ஷன்ல போய் ஒட்டிக்கிட்டு கமிட் (நிரந்தரமா எழுதுறது) வரைக்கும் போயிடும், எரரே வராம 'ஆர்டர் ஏத்துக்கப்பட்டது'ன்னு மெசேஜும் போயிடும். இதையே தலைகீழா பாருங்க: எக்ஸெக்-3 பாதில இருக்கும்போது வேற த்ரெட் கமிட் கூப்பிட்டா எழுதின ரெண்டு லைன் மட்டும் டேபிள்ல நிரந்தரமா உக்காந்துடும், மிச்சம் மூணு லைனுக்கு டிரான்சாக்ஷனே இல்லாம எரர். நீங்க சொன்ன ரெண்டு கேஸும் இது தான்.

இன்னொண்ணும் இருக்கு. அந்த ஒரே என்டிட்டி மேனேஜர் க்ளோஸே ஆகாததால ஒரு தடவ லோட் பண்ண டிசைன் ரோவ திரும்ப ஐடி வச்சு கேட்டா டேட்டாபேஸுக்கே போகாது, உள்ள இருக்குற பழசையே எடுத்துக் குடுக்கும். ரெண்டு டாம்கேட்னு சொல்றீங்க, அங்க குறைச்ச ஸ்டாக் இங்க தெரியவே தெரியாது. மெமரியும் ஏறிக்கிட்டே போகும். ரீஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் நல்லா ஓடுதுன்னு சொன்னீங்களே, காரணம் இதுவும் தான்.

ஸ்பிரிங் இல்லாம சரி பண்ற வழி: ஒரு ஃபில்டர் (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் முன்னாடியும் பின்னாடியும் ஓடுற க்ளாஸ்) எழுதுங்க. ரிக்வெஸ்ட் உள்ள வரும்போது ஃபேக்டரில இருந்து புது என்டிட்டி மேனேஜர் எடுத்து த்ரெட்லோக்கல்ல (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியா இருக்குற இடம்) வைங்க, டிஏஓ எல்லாம் அங்க இருந்து எடுத்துக்கட்டும். ஃபைனலி ப்ளாக்ல மூணு வேலை கண்டிப்பா நடக்கணும், டிரான்சாக்ஷன் இன்னும் ஆக்டிவா இருந்தா ரோல்பேக், அப்புறம் க்ளோஸ், அப்புறம் த்ரெட்லோக்கல்ல இருந்து ரிமூவ். அந்த ரிமூவ விட்டுடாதீங்க, டாம்கேட் அதே த்ரெட்ட அடுத்த ஆளுக்கு குடுக்கும், போன ஆளோட க்ளோஸான என்டிட்டி மேனேஜர் அவர் கைல கிடைக்கும். அதே மாதிரி ஏதாவது பெர்சிஸ்டன்ஸ் எக்ஸெப்ஷன் வந்துட்டா அந்த என்டிட்டி மேனேஜர தூக்கிப் போட்டுடணும், அதையே வச்சு தொடரக் கூடாது, உள்ள இருக்குற நிலைக்கும் டேபிள்ல இருக்குறதுக்கும் அப்ப சம்பந்தம் இருக்காது.

அப்படியே சர்வ்லெட்லயும் டிஏஓலயும் ஃபைனல் இல்லாத ஃபீல்டு எது இருந்தாலும் தேடிப் பாருங்க. 'கரண்ட் யூசர்', 'கரண்ட் ஆர்டர்'னு ஃபீல்டுல வச்சிருந்தா அது எல்லா த்ரெட்டுக்கும் பொது. ஸ்டாட்டிக்கா சிம்பிள் டேட் ஃபார்மேட் இருந்தா அதையும் எடுத்துட்டு டேட்டைம் ஃபார்மேட்டர் போடுங்க, முன்னது த்ரெட் சேஃப் இல்ல, தேதிய கன்னாபின்னான்னு மாத்திடும், எரர் கூட வராது. இந்த மாதிரி கோட்ல இது கண்டிப்பா எங்கயாச்சும் இருக்கும்.


குறியீட்டுராணி:

பழையஜாவா அண்ணா சொன்னது அப்படியே சரி, மொதல்ல அத செய்யுங்க. ஆனா ஒரு விஷயத்த தனியா பிரிச்சு வச்சுக்கோங்க தறிநூல், அந்த 40 பேல் பிரச்சனை அதனால மட்டும் போகாது. நான் டேட்டாபேஸ் பக்கம் வேலை பார்க்கிறவ, என்டிட்டி மேனேஜர சரி பண்ணிட்டு எல்லாம் முடிஞ்சதுன்னு லைவ்ல விட்டவங்கள நிறைய பார்த்திருக்கேன்.

ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் தனி என்டிட்டி மேனேஜர், தனி கனெக்ஷன், தனி டிரான்சாக்ஷன் குடுத்தாச்சு. இப்ப ரெண்டு பேரும் ஸ்டாக்க படிக்கிறாங்க, ரெண்டு பேருக்கும் 40ன்னு தெரியுது. ரெண்டு பேரும் ஜாவால 40ல இருந்து 30 கழிச்சு 10ன்னு வச்சுக்கிறாங்க. மொத ஆள் 10ன்னு எழுதி கமிட், ரெண்டாவது ஆளும் 10ன்னு எழுதி கமிட். 60 பேல் வித்தாச்சு, டேபிள்ல 10 மிச்சம். எந்த த்ரெட்டும் எந்த ஆப்ஜெக்ட்டையும் பகிர்ந்துக்கல, ஆனாலும் தப்பு, ஏன்னா பொதுவா இருக்கிறது அந்த ரோ. மைஎஸ்க்யூஎல் இன்னோடிபில (அதோட ஸ்டோரேஜ் என்ஜின்) டிஃபால்ட் ஐசோலேஷன் (டிரான்சாக்ஷன்கள ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு பிரிச்சு வைக்கணும்ங்கிற லெவல்) ரிப்பீட்டபிள் ரீட், பேர கேட்டா இதையெல்லாம் தடுக்கும்னு தோணும், தடுக்காது. அதே லெவல்ல போஸ்ட்கிரெஸ் இருந்தா ரெண்டாவது ஆளோட அப்டேட்ட எரர் குடுத்து நிறுத்திடும், மைஎஸ்க்யூஎல் சத்தமே இல்லாம எழுதிடும். ஒரு டேட்டாபேஸ்ல ஓடின கோட இன்னொண்ணுக்கு மாத்தும்போது இத யாரும் சொல்லித் தர்றதில்ல.

சிங்க்ரனைஸ்டு ஏன் உதவலன்னா ரெண்டு காரணம். ஒண்ணு, உங்ககிட்ட ரெண்டு டாம்கேட், ஒரு ஜேவிஎம்ல (ஓடிக்கிட்டு இருக்குற ஒரு ஜாவா ப்ராசஸ்) போட்ட லாக் இன்னொரு ஜேவிஎம்முக்கு தெரியாது. ரெண்டாவது கொஞ்சம் நுணுக்கம், கமிட் எங்க நடக்குதுன்னு பாருங்க. மெத்தட் முடிஞ்சு லாக்க விட்டதுக்கு அப்புறமா ஃபில்டர்லயோ வேற எங்கயோ கமிட் நடந்தா, லாக்க விட்ட நேரத்துக்கும் கமிட் ஆகுற நேரத்துக்கும் நடுவுல அடுத்த த்ரெட் உள்ள வந்து பழைய ஸ்டாக்கையே படிச்சுடும். ஸ்பிரிங்ல டிரான்சாக்ஷனலும் சிங்க்ரனைஸ்டும் ஒரே மெத்தட் மேல போடறவங்களுக்கும் இதே கதி, அங்க ப்ராக்ஸி (உங்க ஆப்ஜெக்ட்டுக்கு முன்னாடி நிக்குற இடைத்தரகர்), மெத்தட் முடிஞ்ச பிறகு தான் கமிட் பண்ணும்.

உங்க கேஸுக்கு நான் சொல்றது கழிக்கிற வேலைய டேட்டாபேஸ் கிட்டயே விட்டுடுங்க. எஸ்க்யூஎல்ல இப்படி:

அப்டேட் ஸ்டாக் செட் பேல் = பேல் - 30 வேர் டிசைன்_ஐடி = 112 அண்ட் பேல் >= 30

இத ஓட்டினதும் எத்தன ரோ மாறுச்சுன்னு எக்ஸெக்யூட் அப்டேட் ஒரு எண்ணு குடுக்கும். 1 வந்தா சரக்கு உங்களுது. 0 வந்தா சரக்கு பத்தல, அந்த ஆர்டர ரோல்பேக் பண்ணிட்டு கடைக்காரருக்கு சொல்லிடுங்க. ரெண்டு பேர் ஒண்ணா வந்தா ரெண்டாவது ஆள் ரோ லாக்குக்காக காத்திருப்பார், மொத ஆள் கமிட் பண்ணதும் புது மதிப்ப வச்சு தான் அந்த வேர் கண்டிஷன் பார்க்கப்படும். ஸ்னாப்ஷாட்ல (டிரான்சாக்ஷன் முதல்ல படிச்சப்ப இருந்த நிலை) இருக்குற பழச வச்சு இல்ல. ஜாவால லாக்கே தேவையில்ல. கவனிக்க வேண்டியது ஒண்ணு, இந்த மாதிரி அப்டேட் என்டிட்டி மேனேஜருக்குள்ள இருக்குற ஆப்ஜெக்ட்ட தொடாது, நேரா டேபிளுக்கு போயிடும். அதே ரிக்வெஸ்ட்ல ஸ்டாக் என்டிட்டிய முன்னாடியே லோட் பண்ணி வச்சிருந்தா அது இன்னும் 40ன்னு தான் சொல்லும், ரெஃப்ரெஷ் பண்ணிக்கணும்.

ஆர்டர திருத்துறது, விலாசம் மாத்துறது மாதிரி வேலைக்கு @வெர்ஷன் போட்டு டேபிள்ல ஒரு காலம் (நெடுவரிசை) வச்சுக்கோங்க. ஹைபர்னேட் அப்டேட் பண்ணும்போது வேர்ல பழைய வெர்ஷனையும் சேர்த்து அனுப்பும், நடுவுல யாராச்சும் மாத்தியிருந்தா ஆப்டிமிஸ்டிக் லாக் எக்ஸெப்ஷன். கமிட் நேரத்துல வந்தா அது ரோல்பேக் எக்ஸெப்ஷனுக்குள்ள சுத்தி வரும், அதனால கேட்ச்ல உள்ள இருக்குற காரணத்தையும் பாருங்க. இதுல நிறைய பேர் கோட்டை விடுற இடம் எதுன்னா, திருத்துற ஸ்க்ரீன திறந்தப்ப இருந்த வெர்ஷன் நம்பர ஃபார்ம்லயே மறைவா வச்சு திரும்ப வாங்கி ஒப்பிடணும். சேவ் பண்ணும்போது புதுசா லோட் பண்ணி அதோட வெர்ஷன யூஸ் பண்ணா எப்பவும் பொருந்தும், பாதுகாப்பே கிடைக்காது.

ஃபார் அப்டேட் (பெஸிமிஸ்டிக் ரைட், படிக்கும்போதே ரோவ லாக் பண்றது) வேணும்னா அதுவும் சரி தான், ஆனா ஏற்கனவே லோடான என்டிட்டி மேல லாக் மட்டும் கேட்டா லாக் கிடைக்கும், உள்ள இருக்குற மதிப்பு பழசாவே இருக்கும். லாக்கோட சேர்த்து ரெஃப்ரெஷ் பண்ணணும்.

கடைசியா டெட்லாக். ஒரு ஆர்டர்ல பல டிசைன் இருக்கும்ல, ஒரு கடை 112, 205னு குறைக்குது, இன்னொரு கடை 205, 112னு குறைக்குது, ரெண்டும் மாத்தி மாத்தி காத்திருக்கும். இன்னோடிபி அத கண்டுபிடிச்சு ஒருத்தர 1213 எரரோட முழு டிரான்சாக்ஷனையும் ரோல்பேக் பண்ணிடும். அப்டேட் பண்றதுக்கு முன்னாடி டிசைன் ஐடி வரிசைல அடுக்கிட்டா இது பெரும்பாலும் போயிடும், மிச்சம் வர்றதுக்கு புது என்டிட்டி மேனேஜரோட முதல்ல இருந்து ரீட்ரை. 1205 வேற, அது லாக்குக்காக 50 செகண்டு (டிஃபால்ட்) காத்திருந்து கிடைக்காம போனது, அதுல டிஃபால்ட்டா அந்த ஒரு ஸ்டேட்மென்ட் மட்டும் தான் ரோல்பேக் ஆகும், டிரான்சாக்ஷன் திறந்தே இருக்கும். நீங்களே ரோல்பேக் பண்ணணும், இல்லன்னா பாதி ஆர்டர் கமிட் ஆகுற அதே பிரச்சனை வேற வழில வந்து நிக்கும்.


அலையோசை:

நான் பைத்தான் ஆள், ஆனா படிக்கும்போதே தெரியுது அங்கயும் இதே தான். எஸ்க்யூஎல்ஆல்கெமில (பைத்தான்ல ஹைபர்னேட் மாதிரி லைப்ரரி) என்ஜின் பொது, செஷன் ரிக்வெஸ்ட்டுக்கு ஒண்ணு. மாட்யூல் மேலயே செஷன உருவாக்கி வச்சு எல்லா ரூட்லயும் இம்போர்ட் பண்றவங்களுக்கு இதே எரர் வேற பேர்ல வரும். ஸ்கோப்டு செஷன்னு ஒண்ணு இருக்கு, த்ரெட்டுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுக்கும், ஆனா ரிக்வெஸ்ட் முடியும்போது ரிமூவ் கூப்பிடணும். எஸ்க்யூலைட்ல ஒரு த்ரெட்ல உருவாக்கின கனெக்ஷன இன்னொரு த்ரெட்ல தொட்டா டிரைவரே எரர் குடுத்து நிறுத்துது, அத மூடுறதுக்கு செக் சேம் த்ரெட்ட ஃபால்ஸ்னு போட சொல்லி நெட்ல எங்க பார்த்தாலும் பதில் இருக்கு. தயவு செஞ்சு காரணம் தெரியாம அத போடாதீங்க, அந்த எரர் உங்கள காப்பாத்துறதுக்குத் தான் வருது, அதுக்கப்புறம் எழுதுறத வரிசைப்படுத்துற பொறுப்பு உங்களுது.


தறிநூல்:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா, அலையோசை. எக்ஸெக்-3, எக்ஸெக்-7னு சொன்னத படிச்சுட்டு லாக்ல த்ரெட் பேரோட தேடினேன், அப்படியே இருக்கு, ஒரு த்ரெட்ல 'ஆல்ரெடி ஆக்டிவ்' வந்த அடுத்த நொடி இன்னொரு த்ரெட்டோட ஆர்டர் காணாம போயிருக்கு. ஃபில்டர் எழுதி ஸ்டாட்டிக்க எடுத்தாச்சு, ஸ்டாக் அப்டேட்டும் அக்கா சொன்ன மாதிரி மாத்தியாச்சு. பழைய எரர் எல்லாம் சுத்தமா நின்னுடுச்சு, 40 பேலும் சரியா 40க்குள்ள நிக்குது. டேட் ஃபார்மேட்டும் அண்ணா சொன்ன மாதிரியே இருந்துச்சு, எடுத்துட்டேன்.

இப்ப புதுசா ஒண்ணு. டாம்கேட் ஏறி கொஞ்ச நேரத்துல சைட் மெதுவாகி அப்புறம் 'ஹிகாரிபூல்-1 கனெக்ஷன் கிடைக்கல, 30000 மில்லிசெகண்டுல டைம் அவுட்'னு வருது. ஹிகாரி பூல் (டேட்டாபேஸ் கனெக்ஷன திறந்து வச்சு மாத்தி மாத்தி குடுக்குறது) டிஃபால்ட் 10ல தான் இருக்கு. இன்னொரு எரரும் வருது, ஆர்டர் முடிஞ்சதும் பில் பிடிஎஃப் செஞ்சு எஸ்எம்எஸ் அனுப்புறதுக்கு 8 த்ரெட்டோட ஒரு எக்ஸெக்யூட்டர் இருக்கு, அதுக்கு ஆர்டர் ஆப்ஜெக்ட்ட அப்படியே குடுக்குறாங்க, அங்க லேசி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன் (தொடும்போது தான் லோட் ஆகுறத செஷன் க்ளோஸான பிறகு தொட்டா வர்றது). இந்த எரர தவிர்க்க சில இடத்துல அந்த த்ரெட்டுக்குள்ளயே டிஏஓவ கூப்பிட்டு ஆர்டர திரும்ப எடுக்குற மாதிரி மாத்தினோம், அங்க எரர் இல்ல. பூல 50ஆ ஏத்திடலாமா?


நடுநிசிடெப்ளாய்:

ஏத்தாதீங்க, ரெண்டு எரருக்கும் வேர் ஒரே இடத்துல இருக்கு. உங்க டிஏஓ த்ரெட்லோக்கல்ல என்டிட்டி மேனேஜர் இல்லன்னா என்ன பண்ணுது? புதுசா ஒண்ணு உருவாக்கிக் குடுக்குதுன்னு நினைக்கிறேன். ரிக்வெஸ்ட் த்ரெட்ல கடைசில ஃபில்டர் க்ளோஸ் பண்ணிடும். எக்ஸெக்யூட்டர் த்ரெட்டுக்கு ஃபில்டர் கிடையாது. அங்க உருவான என்டிட்டி மேனேஜர யாரும் க்ளோஸ் பண்ண மாட்டாங்க, ஹைபர்னேட் 5ல உங்க மாதிரி ஜேடிஏ (சர்வரே டிரான்சாக்ஷன பார்த்துக்குற ஏற்பாடு) இல்லாத செட்டப்ல செஷன் ஒரு தடவ கனெக்ஷன எடுத்துட்டா க்ளோஸ் ஆகுற வரைக்கும் கைலயே வச்சிருக்கும். எக்ஸெக்யூட்டர்ல 8 த்ரெட், ஒவ்வொண்ணும் ஒரு பில் செஞ்சதும் ஆளுக்கு ஒரு கனெக்ஷன புடிச்சு வச்சுக்கும். 10ல 8 போச்சு, மொத்த சைட்டும் மிச்சம் ரெண்டுல ஓடுது. ஏறின உடனே நல்லா இருந்து அப்புறம் மெதுவாகுறதுக்கு கணக்கு சரியா வருதா பாருங்க. அதோட அந்த 8 என்டிட்டி மேனேஜருக்குள்ளயும் பழைய டேட்டா தேங்கி நிக்கும், பில்லுல திருத்துறதுக்கு முன்னாடி இருந்த அளவு அச்சாகும்.

உறுதி பண்ணணும்னா ஹிகாரில லீக் டிடெக்ஷன் த்ரெஷோல்டுன்னு ஒரு செட்டிங் இருக்கு, டிஃபால்ட்டா 0, அதாவது ஆஃப். 20000 மில்லிசெகண்டுன்னு போட்டு விடுங்க, கனெக்ஷன எடுத்துட்டு அதுக்கு மேல திருப்பித் தராத இடத்தோட ஸ்டேக் ட்ரேஸ லாக்ல எழுதிடும், எக்ஸெக்யூட்டர் பக்கம் தான் காட்டும்னு நினைக்கிறேன். 50ஆ ஏத்தினா 8 போக 42 இருக்கும், பிரச்சனை மறைஞ்சுக்கும், எக்ஸெக்யூட்டர பெருசாக்குற அன்னைக்கு திரும்ப வரும். எந்த ரிக்வெஸ்ட் கனெக்ஷன வச்சுக்கிட்டு வெளி சர்வர் பதிலுக்கு காத்திருக்குன்னும் பாருங்க, எஸ்எம்எஸ் கேட்வே மெதுவான நேரத்துல டிரான்சாக்ஷன திறந்து வச்சுக்கிட்டு அத கூப்பிட்டா 10 கனெக்ஷனும் சும்மா நிக்கும்.

எக்ஸெக்யூட்டருக்கு என்டிட்டிய குடுக்காதீங்க, ஆர்டர் ஐடிய மட்டும் குடுங்க. நீங்க குடுத்த ஆப்ஜெக்ட் ரிக்வெஸ்ட் த்ரெட்டோட என்டிட்டி மேனேஜரோட கட்டியிருக்கு, அது க்ளோஸான பிறகு ஆர்டர் லைன தொட்டா லேசி எரர், க்ளோஸ் ஆகுறதுக்கு முன்னாடி தொட்டா ரெண்டு த்ரெட் ஒரே செஷன்ல நிக்கும். ரெண்டாவது தான் மோசம், எரர் வராம போகவும் வாய்ப்பு இருக்கு. வேலைக்குள்ள நுழைஞ்சதும் புது என்டிட்டி மேனேஜர், ஐடி வச்சு லோட், வேலை, ஃபைனலில க்ளோஸ், ரிமூவ். டிஏஓல 'இல்லன்னா உருவாக்கு'ங்கிறத எடுத்துட்டு 'இல்லன்னா எக்ஸெப்ஷன்'னு மாத்திடுங்க, யார் மறந்தாலும் அன்னைக்கே தெரிஞ்சுடும்.

வேலைய எக்ஸெக்யூட்டர்ல போடுறது கமிட்டுக்கு அப்புறமா இருக்கணும். முன்னாடியே போட்டா அந்த த்ரெட் முந்திக்கிட்டு ஆர்டர தேடும், டேபிள்ல இருக்காது. ரோல்பேக் ஆன ஆர்டருக்கு எஸ்எம்எஸ் போறதும் இதனால தான்.

பின்னாடி ஸ்பிரிங்குக்கு போறதா இருந்தா சொல்றேன், பெர்சிஸ்டன்ஸ் கான்டெக்ஸ்ட் அனோட்டேஷன் போட்டு வாங்குற என்டிட்டி மேனேஜர் ஒரு ப்ராக்ஸி, ஒவ்வொரு தடவையும் அந்தந்த டிரான்சாக்ஷனோட நிஜ என்டிட்டி மேனேஜர் கிட்ட போகும், அதனால சிங்கிள்டன் பீன்ல ஃபீல்டா வச்சாலும் பிரச்சனை இல்ல. ஆனா நீங்களே ஃபேக்டரில இருந்து உருவாக்கி ஃபீல்டுல வச்சா ஸ்பிரிங்கும் காப்பாத்தாது. டிரான்சாக்ஷன் த்ரெட்டோட தான் கட்டியிருக்கும், அசிங்க் மெத்தடுக்கோ பேரலல் ஸ்ட்ரீமுக்கோ கூடவே வராது. ஒரே க்ளாஸுக்குள்ள இருந்து இன்னொரு டிரான்சாக்ஷனல் மெத்தட கூப்பிட்டாலும் ப்ராக்ஸி வழியா போகாது, டிரான்சாக்ஷன் தொடங்காது.


தறிநூல்:

லீக் செட்டிங் போட்டதும் ஸ்டேக் ட்ரேஸ் வந்துடுச்சு அண்ணா, நேரா அந்த பில் செய்யற க்ளாஸ காட்டுது. 'இல்லன்னா எக்ஸெப்ஷன்'னு மாத்தினதும் நாங்க பார்க்காத இன்னொரு டைமர் வேலையும் சிக்குச்சு, ராத்திரி ஸ்டாக் ரிப்போர்ட் அனுப்புறது. பூல 10லயே விட்டுட்டோம், இப்ப ஆக்டிவ் கனெக்ஷன் ஏறி ஏறி இறங்குது. ரெண்டு சந்தேகம் மட்டும். அடுத்த சந்தைக்கு முன்னாடி இத எப்படி டெஸ்ட் பண்றது, அப்புறம் ஏற்கனவே கெட்டுப்போன ஆர்டர என்ன பண்றது?


பழையஜாவா:

டெஸ்ட்டுக்கு சும்மா லோட் குடுத்தா பத்தாது தம்பி, மோதல் நடக்கணும். ஜேயூனிட்ல ஒரு டிசைனுக்கு 40 பேல் வச்சு, 20 த்ரெட்ட கவுன்ட்டவுன் லாட்ச்ல நிறுத்தி, ஒண்ணா திறந்து விடுங்க, ஒவ்வொண்ணும் 3 பேல் கேக்கட்டும். சரியா 13 ஜெயிக்கணும், 7 தோக்கணும், டேபிள்ல 1 பேல் நிக்கணும், ஆர்டர் லைன்ல இருக்குற பேல் கூட்டினா 39 வரணும். நிஜ மைஎஸ்க்யூஎல்ல ஓட்டுங்க, எச்2 மாதிரி மெமரி டேட்டாபேஸ்ல லாக் நடத்தையே வேற. டெஸ்ட் சரியா இருக்கான்னு தெரியணும்னா பழைய கோட்லயும் ஒரு தடவ ஓட்டுங்க, அங்க ஃபெயில் ஆகணும். ஆகலன்னா படிக்கிறதுக்கும் எழுதுறதுக்கும் நடுவுல ஒரு ஸ்லீப் போட்டா ஆகும். அப்புறம் ஜேமீட்டர்ல ரெண்டு டாம்கேட்டுக்கும் சேர்த்து அடிங்க, ஓடும்போது ஜேஸ்டேக்ல த்ரெட் டம்ப் எடுத்து எத்தன எக்ஸெக் த்ரெட் கனெக்ஷனுக்காக நிக்குதுன்னு பாருங்க.


குறியீட்டுராணி:

கெட்டுப்போன டேட்டாவ தள்ளிப் போடாதீங்க, கோட சரி பண்ணிட்டு இத மறந்துடறது தான் வழக்கம், பாதிக்கப்பட்ட கடைக்காரருக்கு கோட் சரியானதுனால ஒண்ணும் கிடைக்கப் போறதில்ல. ஆர்டர் டேபிள்ல மொத்தத் தொகைன்னு ஒரு காலம் இருந்தா, லைன் டேபிள்ல அளவையும் விலையையும் பெருக்கி ஆர்டர் வாரியா கூட்டி, ரெண்டும் ஒத்துப் போகாத ஆர்டர எடுங்க. லைனே இல்லாத ஆர்டர், ஆர்டரே இல்லாத லைன் ரெண்டையும் லெஃப்ட் ஜாயின் போட்டு தனியா எடுங்க. எஸ்எம்எஸ் அனுப்பின லாக் இருக்கும்ல, அதுல இருக்குற ஆர்டர் நம்பர் டேபிள்ல இல்லாதது தான் 'ஏத்துக்கப்பட்டது'ன்னு சொல்லி காணாம போன ஆர்டர், அவங்க தான் சரக்குக்காக காத்துக்கிட்டு இருப்பாங்க, அவங்களுக்கு மொதல்ல வியாபாரி கிட்ட சொல்லி போன் பண்ண வைங்க.

ஸ்டாக்க கணக்கு போட்டு திருத்தாதீங்க, குடோன்ல எண்ணச் சொல்லுங்க. எண்ணின நேரத்த குறிச்சு வச்சு, அந்த வித்தியாசத்த தனி அட்ஜஸ்ட்மென்ட் ரோவா போடுங்க, பழைய ரோவ அழிக்கவோ மேல எழுதவோ வேண்டாம். எண்ணி முடிச்சதும் லைன் டேபிள்ல ஆர்டர் ஐடிக்கு ஃபாரின் கீ (ஆர்டர் டேபிள்ல அந்த ஐடி இருந்தா தான் லைன் ஏறும்), பேல் காலத்துக்கு பூஜ்யத்துக்கு கீழ போகாத மாதிரி செக் கன்ஸ்ட்ரெயின்ட் ரெண்டும் சேர்த்துடுங்க. மைஎஸ்க்யூஎல் 8.0.16ல இருந்து தான் செக் நிஜமாவே வேலை செய்யுது, அதுக்கு முன்னாடி எழுதினா வாங்கிட்டு கண்டுக்காம விட்டுடும், அதனால உங்க சர்வர் வெர்ஷன பார்த்துட்டு போடுங்க.